தரைக்கு ஹீட்டிங் போடுகிறவர்கள் டைல்ஸ் ஒட்டும் அன்றைக்கு வீட்டில் இருங்கள்

கனடாவின் ஒண்டாரியோவில் முதல் வீடு வாங்கி, பாத்ரூமைப் பிரித்துக் கட்டும்போது டைல்ஸுக்கு அடியில் கரண்ட் ஹீட்டிங்கும் போட்டுவிடலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தாராளமாகப் போடுங்கள். நான் காரைக்குடிப் பக்கம், ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் சித்திரை வெயிலுக்கு வெறுந்தரையில் படுத்து வளர்ந்தவன். இங்கே ஜனவரி விடியலில் பாத்ரூம் தரையில் கால் வைத்தால் உள்ளங்காலிலிருந்து பல்வரைக்கும் கூசும். அம்மா வந்திருந்த குளிர்காலத்தில் அவர் பாத்ரூமுக்குப் போகவே தயங்கியதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்.

சட்ட விஷயம் சுருக்கமாக: லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிகல் கான்ட்ராக்டரைப் பிடியுங்கள், எலக்ட்ரிகல் சேஃப்டி அத்தாரிட்டியில் வேலையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தெரிந்த பையன் பாதிக் காசுக்குச் செய்வான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

8க்கு 5 அடி பாத்ரூமில் டப், அலமாரி, டாய்லெட்டைச் சுற்றிய இடம் எல்லாம் போக 20 சதுர அடிதான் மிஞ்சும். அலமாரிக்கு அடியில் போடக்கூடாது, சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். சதுர அடிக்கு 12 வாட் என்றால் மொத்தம் 240 வாட், நாலு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். ஊரில் எங்கும் 230 வோல்ட். இங்கே சாதாரண லைன் 120, அடுப்புக்கும் ட்ரையருக்கும் 240. டைல்ஸுக்கு அடியில் விரிக்கிற, ஒயர் ஓடும் பாய்தான் ஹீட்டிங் மேட், அதிலும் இரண்டு வகை உண்டு. 120க்கான மேட்டை 240இல் கொடுத்தால் நாலு மடங்கு சூடேறிக் கருகிவிடும், ஆகவே பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

சரி, என்னைக் கவிழ்த்த இடத்துக்கு வருகிறேன். எலக்ட்ரீஷியன் மேட்டை விரித்து, மல்டிமீட்டர் வைத்து, ஒயரின் மின்தடை 60 ஓம் காட்டுகிறது, சரியாக இருக்கிறது என்று எனக்கும் காட்டிவிட்டுப் போனார். மறுநாள் டைல்ஸ்காரர் வந்தார், நான் வேலைக்குப் போய்விட்டேன். சிமென்ட் காயச் சொன்ன நாளெல்லாம் பொறுத்திருந்து ஸ்விட்சைப் போட்டால் தரை பச்சைத் தண்ணீராகக் கிடக்கிறது. மீட்டரில் ‘ஓஎல்’, அதாவது ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. பல் வைத்த இரும்புக் கரண்டியால் கலவையை இழுக்கும்போது வெட்டியிருக்க வேண்டும். ஊரில் என்றால் ஒரே மேஸ்திரி, வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம். இங்கே எலக்ட்ரீஷியன் டைல்ஸ்காரரைக் கைகாட்ட, அவர் இவரைக் கைகாட்ட, இரண்டு பேருமே பிறகு போனை எடுக்கவில்லை. வாரண்டி அட்டையில் ஓம் எழுத மூன்று கட்டங்கள் உண்டு: பிரித்ததும், விரித்ததும், டைல்ஸ் ஒட்டியதும். என் அட்டையில் முதல் கட்டம் மட்டும் நிரம்பியிருந்தது, கம்பெனி கையை விரித்துவிட்டது. இன்னொருவரை வரவழைத்து, சூடு காட்டும் கேமராவால் இடம் தேடி, இரண்டு டைல்ஸ் உடைத்து, ஒயரை ஒட்டி முடிப்பதற்குள் மேட்டின் விலையைவிட அதிகம் செலவு.

அதனால் அந்த நாள் லீவு போடுங்கள். அறுந்தால் உடனே கத்துகிற சின்ன அலாரம் ஒன்று கிடைக்கிறது, மேட்டின் ஒயரில் மாட்டிவிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கலவை ஈரமாக இருக்கும்போதே தெரிந்துவிட்டால் ஒரு டைல்ஸைத் தூக்கிச் சரிசெய்துவிடலாம். பிளாஸ்டிக் கரண்டி வாங்கிக் கையில் கொடுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மூன்று அளவையும் நீங்களே பார்த்து எழுதித் தேதி போட்டு, வேலை செய்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மூடுவதற்கு முன் அளவு டேப்பைத் தரையில் நீட்டி வைத்துப் படம் எடுங்கள். நாலு டைல்ஸ் கூடுதலாக வாங்கி வையுங்கள், அதே நிறம் அடுத்த வருஷம் கிடைக்காது. அப்புறம், தரைச் சூட்டை அளக்கும் சென்சர் ஒன்றுக்கு இரண்டாகப் புதைக்கச் சொல்லுங்கள், ஒன்று செத்தாலும் தரையை உடைக்க வேண்டாம்.

பொதுவான கட்டணத் திட்டத்தில் வார நாளில் காலை 7 மணிவரை கரண்ட் மலிவு, டைமரை அதற்குள் முடிகிற மாதிரி வையுங்கள். அம்மா நாலரைக்கே எழுந்துவிடுவார் என்பதால் எங்கள் வீட்டில் நாலு மணிக்கே ஆன் ஆகிறது.