வீட்டு கிராபிக்ஸ் கார்டில் கிரிப்டோ மைனிங்: முதலில் பெஸ்காம் மின்கட்டண பில்லை எடுங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கிராபிக்ஸ் கார்டு விற்கும் கடைகளில் விலை விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் கேம் விளையாடுபவர்கள்தான். ஆனால் மைனிங்குக்காக, அதாவது பிட்காயின் போன்ற கிரிப்டோ நெட்வொர்க்குக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துப் பரிசாகக் காயின் வாங்குவதற்காக, கார்டை இரவு முழுவதும் ஓடவிட்டால் மாதம் ஏதாவது தேறுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். தேறாது என்பதே என் முடிவு. என் பேச்சை நம்பி விட்டுவிடுவதைவிட, உங்கள் வீட்டு எண்களை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது என்பதால் அந்த முறையை இங்கே தருகிறேன்.

பிட்காயினை வீட்டுக் கணினியில் எடுக்கும் காலம் ஏசிக் என்னும் தனி இயந்திரங்கள் வந்தபோதே முடிந்துவிட்டது. கிராபிக்ஸ் கார்டுகளுக்குச் சோறு போட்டது எத்திரியம் என்னும் இன்னொரு காயின். 2022 செப்டம்பர் 15 அன்று அது மைனிங் முறையையே கைவிட்டு, ஏற்கெனவே காயின் வைத்திருப்பவர்களின் பிணையை நம்பி இயங்கும் முறைக்கு மாறியது. அதுவரை எத்திரியத்தில் ஓடிக்கொண்டிருந்த கார்டுகளில் ஒரு பகுதி எத்திரியம் கிளாசிக், ரேவன்காயின், எர்கோ போன்ற சிறிய காயின்களின் பக்கம் திரும்பியதால், அங்கே ஒவ்வொருவருக்கும் கிடைத்த பங்கு ஒரே நாளில் சுருங்கியது. இன்று வீட்டில் மைனிங் என்று யாராவது சொன்னால், இந்த மிச்சம் மீதியைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

கணக்கைச் செலவிலிருந்து தொடங்குவதே சரி, ஏனெனில் வரவு தினமும் மாறும், செலவு மாறாது. பிளக்கில் செருகிப் பார்க்கும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி, கணினி மைனிங் செய்துகொண்டிருக்கும்போது சுவரிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருள் காட்டும் வாட் அளவை நம்பக்கூடாது. அது கார்டின் அளவை மட்டுமே சொல்லும், சில பழைய ஏஎம்டி கார்டுகளில் அதுகூட முழுமையாக இருக்காது. என்விடியாவின் 3060 டிஐ கார்டை, அது இழுக்கும் மின்சாரத்தை நன்றாகக் கட்டுப்படுத்தி ஓட்டினால் கார்டு மட்டும் 125 வாட் அளவில் நிற்கும். மதர்போர்டு, பிராசசர், ஃபேன், பவர் சப்ளையில் வெப்பமாக வீணாவது எல்லாம் சேர்ந்து மீட்டரில் 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 4.8 யூனிட், மாதம் 144 யூனிட். யூனிட் விலையைத் தெரிந்துகொள்ள உங்கள் பில்லில் நிலைக்கட்டணத்தைக் கழித்துவிட்டு, மீதித் தொகையை யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். கூடுதல் கட்டணங்களும் மின்வரியும் அதில் வந்துவிடும். நான் 7 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நாளைக்கு 33 ரூபாய் 60 பைசா.

இனி வரவு. எத்திரியம் கிளாசிக்கில் ஏறக்குறைய 13 விநாடிக்கு ஒரு பிளாக் (பணப் பரிமாற்றங்களின் ஒரு தொகுப்பு) என்பதால், நாளைக்குச் சுமார் 6,650 பிளாக்குகள் உருவாகும். 2024இல் பிளாக்குக்கான பரிசு 2.048 காயினாக இறங்கியது. 50 லட்சம் பிளாக்குக்கு ஒருமுறை அது 20 சதவீதம் குறையும் என்பதால், நீங்கள் கணக்குப் போடும் நாளில் உள்ள அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2.048 என்றே கொண்டால், உலகம் முழுவதற்கும் ஒரு நாளில் கிடைப்பது ஏறத்தாழ 13,600 காயின். நம் கார்டின் வேகம் 60 மெகாஹேஷ், அதாவது நொடிக்கு 6 கோடி கணக்கு. மொத்த நெட்வொர்க்கின் வேகம் 200 டெராஹேஷ், அதாவது 20 கோடி மெகாஹேஷ் என்று வைத்தால், நம் பங்கு 33 லட்சத்தில் ஒன்று. அதாவது நாளைக்கு ஏறத்தாழ 0.00408 காயின். காயின் விலை 1,800 ரூபாய் என்றால் அது 7 ரூபாய் 35 பைசா, பலர் சேர்ந்து மைனிங் செய்து வரவைப் பங்கிட்டுக்கொள்ளும் பூலுக்குக் கொடுக்கும் கமிஷன் போக இன்னும் சற்றுக் குறையும். வாட்டுமைன் போன்ற கணிப்பான்கள் அன்றைய விலையையும் நெட்வொர்க் வேகத்தையும் எடுத்து இதைத்தான் நொடியில் செய்து காட்டுகின்றன. ஆனால் அங்கே மின்கட்டணம் டாலரில் ஒரு பொது அளவாக முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். அதை மாற்றாமல் பார்த்துவிட்டு மகிழ்ந்தவர்களை நான் அறிவேன்.

பெங்களூருக்கே உரிய இன்னொரு கண்ணி இதில் இருக்கிறது. மாதம் 200 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு மின்சாரத்தை இலவசமாகத் தரும் கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 150 யூனிட் செலவழித்துப் பூஜ்ய பில் வாங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மைனிங்கின் 144 யூனிட் சேர்ந்ததும் மொத்தம் 294 ஆகிறது. 200ஐத் தாண்டிவிட்டால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழு 294 யூனிட்டுக்கும் பணம் கட்ட வேண்டும். நிலைக்கட்டணம் நீங்கலாகவே 2,058 ரூபாய். ஒரு மாத மைனிங்கில் வரும் 220 ரூபாய்க்காக அந்தக் குடும்பம் உண்மையில் செலவழிப்பது 1,008 அல்ல, அதைப் போல் இரண்டு மடங்கு. வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்துத் தனியாக வசூலிக்கும் வாடகை வீடுகளில், அவர் வாங்கும் யூனிட் விலையைப் போட்டுப் பாருங்கள்.

விலை ஏறினால் என்ன என்ற கேள்வி எப்போதும் வரும். மேலே உள்ள கணக்கில், கரண்ட் செலவை மட்டும் ஈடுகட்டவே விலை நாலரை மடங்குக்கு மேல் உயர வேண்டும். அப்படி உயரும்போது உலகெங்கும் அணைத்து வைத்த இயந்திரங்களை எல்லோரும் மீண்டும் ஓடவிடுவார்கள், நம் பங்கு 33 லட்சத்தில் ஒன்று என்பதிலிருந்து இன்னும் கீழே போகும். விலை ஏறும் என்று உண்மையிலேயே நம்புகிறவர், கரண்டுக்குக் கொடுக்கும் 1,008 ரூபாய்க்குக் காயினையே வாங்கிவிடலாம். மைனிங்கில் அதே மாதம் கிடைப்பதைப் போல் நாலரை மடங்கு காயின் கையில் இருக்கும்.

வரிவிதியும் மைனிங்குக்குச் சாதகமாக இல்லை. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. மைனிங்குக்கான கட்டமைப்புச் செலவு வாங்கிய விலையாகக் கருதப்படாது என்று நிதியமைச்சகம் அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. வாங்கிய விலை பூஜ்யம் என்று கொண்டால், ஆண்டுக்கு 2,640 ரூபாய் வரவுக்காக 12,096 ரூபாய் கரண்டுக்குக் கொடுத்தவர், அந்த 2,640க்கு 820 ரூபாய்க்கு மேல் வரியும் கட்டியாக வேண்டும். அந்த வரியில் ஒரு பகுதியை, விற்கும்போதே ஒரு சதவீத டிடிஎஸ்ஸாகப் பிடித்துவிடவும் கூடும்.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2021இல் ஈஜிபுராவில் ஒரு நண்பர் வீட்டுப் பால்கனியில் ஆறு கார்டுகளைக் கோத்த மைனிங் இயந்திரம் (ரிக்) ஒன்றைப் பார்த்தேன். கார்டுகளை மதர்போர்டிலிருந்து தள்ளி வைத்து இணைக்கும் ரைசர்களுக்கு மின்சாரம் கொடுக்க, ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா வயரில் மலிவான அடாப்டரை மாட்டியிருந்தார். தொட்டுப் பார்த்தபோது ஒரு கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் உருகி வழிந்து நின்றது. காரணம் எளிது: சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் மூன்றும் சேர்ந்து 54 வாட் வரைதான் தாங்கும், கார்டோ தான் செருகப்படும் ஸ்லாட் வழியாக 75 வாட் வரை கேட்கலாம். ரைசருக்கு பவர் சப்ளையிலிருந்து நேரடியாக வரும் ஆறு பின் வயரைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக்கூடாது. பழைய வீடுகளில் ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி இரவு முழுவதும் ஓட்டுவதும் அதே வகையான துணிச்சல்தான்.

மாடியில் சோலார் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு மின்சாரம் இலவசம் என்பார்கள். நெட் மீட்டரில் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு ஒரு விலை கிடைக்கிறதென்றால் அது இலவசமல்ல. அந்த விலையை 7 ரூபாய்க்குப் பதிலாகப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் யூனிட் ஒன்றரை ரூபாய்க்கு இறங்கினால்தான் வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கும். அலுவலகக் கணினியில் ஓட்டுவது அடுத்தவர் மின்சாரத்தைத் திருடுவது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொள்ளும் ஆர்வம் இருந்தால், கையில் உள்ள கார்டிலேயே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். இதற்கென்று கார்டு வாங்க வேண்டாம். எத்திரியம் கிளாசிக்குக்கு மெமரி வேகமே முக்கியம் என்பதால் பவர் லிமிட்டை 60 முதல் 70 சதவீதத்துக்குக் குறைத்து, கோர் கிளாக்கையும் (கார்டின் சிப் வேகம்) இறக்கி, மெமரி கிளாக்கைச் (மெமரியின் வேகம்) சிறிது சிறிதாக ஏற்றுங்கள். மைனிங் மென்பொருளை அதை உருவாக்கியவர்களின் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். காயினை வைத்திருக்கும் வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களை அந்தக் கணினியில் எழுதி வைக்காதீர்கள். பூலில் சேரும்போது குறைந்தபட்சப் பட்டுவாடா எவ்வளவு என்று பாருங்கள். அது 0.1 காயின் என்றால், நம் கார்டுக்கு அதை எட்ட 25 நாள் ஆகும். ஒரு வாரத்தில் சேர்ந்த 0.028 காயின் பூலின் கணக்கிலேயே கிடக்கும். மின்சாரத்துக்கான 235 ரூபாய் மட்டும் அடுத்த மாதப் பில்லில் வந்துவிடும்.