ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தப்பு நடந்தா மொத நாள் என்ன பண்ணோணும்

ஈரோடு பக்கம் ஒரு அரசு ஆபீஸ்ல கண்காணிப்பாளரா இருந்தப்ப ஒரு அம்மணிக்கு அவசரப்பட்டு மெமோ குடுத்துட்டேனுங்க. அதோட லாகின்ல பொழுதோட மூணு மணிநேரம் என்னென்னமோ படம் டவுன்லோடு ஆயிருந்துச்சு, பேரு அதுதான காட்டுது அப்பறம் என்ன விசாரணைன்னு நெனச்சுட்டேன். அது அழுதுட்டே நடமாட்டப் பதிவேட்ட கொண்டாந்து காட்டுச்சு, அன்னிக்கு மதியத்துல இருந்து கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்ல இருந்துருக்குது, அனுப்புனதுக்கு என்ற கையெழுத்தே அதுல இருக்குது. கீபோர்ட தூக்கிப் பாத்தா அடியில காலண்டர் தாள்ல பாஸ்வேர்டு எழுதி டேப் போட்டு ஒட்டியிருக்குது, செக்‌ஷன்ல ஏழு பேருக்கும் அது தெரியும்.

லாகின் பேரு வேற, சீட்ல உக்காந்த ஆளு வேற. இத மனசுல வெச்சுட்டுதான் எதையும் ஆரம்பிக்கோணும்.

விஷயம் காதுக்கு வந்ததும் செக்‌ஷன்ல நின்னு சத்தம் போடாதீங்க, போட்டா அஞ்சே நிமிசத்துல ஹிஸ்டரி காணாமப் போயிரும். நீங்களே உக்காந்து நோண்டவும் வேண்டாம், ஒவ்வொரு ஃபைலா தொறக்கத் தொறக்க அதுல இருக்கற தேதி நேரமெல்லாம் மாறீரலாம், நாளைக்கு விசாரணையில "சாருதான் அதுல உக்காந்திருந்தாரு"ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், எல்லாம் வீணாயிரும். இன்னொரு அலுவலர சாட்சிக்கு வெச்சுட்டு, ஸ்கிரீன்ல தெரியறத மூலையில இருக்கற நேரமும் விழுகற மாதிரி போட்டோ எடுத்து, மிஷின் சீரியல் நம்பர், தேதி, நேரம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ருங்க. வாட்ஸ்அப் வெப் தொறந்தே கெடந்தாலும் அவங்க சொந்த சேட்ட படிக்காதீங்க, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லீருச்சு.

வைரஸ் மாதிரியோ தகவல் வெளிய போற மாதிரியோ இருந்தா லேன் கேபிள புடுங்குங்க, ஆனா மிஷின ஆஃப் பண்ணீராதீங்க, மெமரியில இருக்கறது போயிரும். டிபார்ட்மெண்ட் ஐடி ஆளுங்களுக்கும் மாவட்ட என்ஐசிக்கும் (அரசு கம்ப்யூட்டர் வேலையப் பாக்கற தேசிய தகவலியல் மையம்) உடனே சொல்லோணும். சைபர் பாதுகாப்புக்குன்னு மத்திய அரசு வெச்சிருக்கற செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவுப்படி சைபர் சம்பவம் தெரிஞ்ச 6 மணிநேரத்துக்குள்ள அவங்களுக்கு ரிப்போர்ட் போயிருக்கோணும், அது அரசு ஆபீஸுக்கும் சேத்துத்தான். லாக் எல்லாம், அதாவது எந்த லாகின்ல எப்ப என்ன நடந்துச்சுன்னு சிஸ்டம் தானா எழுதி வெக்கற பதிவெல்லாம், 180 நாள் வெச்சிருக்கோணும்னும் அதுல இருக்குது, அதனால லாக் வேணும்னு எழுத்துல கேளுங்க. சிசிடிவிய அப்படி நம்ப முடியாது, பழச அழிச்சு அழிச்சு மேலயே பதிவாகிட்டு இருக்கும், மொத நாளே காப்பி வாங்கீருங்க.

அப்பறம் வருகைப் பதிவேடு, நடமாட்டப் பதிவேடு, லீவு லெட்டரு, கேமரா, நாலையும் லாக் நேரத்தோட ஒப்பிட்டுப் பாத்துட்டு அதுக்கப்பறம்தான் விளக்கம் கேக்கோணும். கேக்கறப்ப "நீ பண்ணுன"ன்னு எழுதாதீங்க, "இந்தத் தேதி இந்த நேரம் உங்க லாகின்ல இது நடந்திருக்குது, விளக்கம் குடுங்க"ன்னு எழுதுங்க. கோர்ட்டு வரைக்கும் போற கேஸுன்னா 2024 ஜூலை 1ல இருந்து அமலுக்கு வந்த புது சாட்சியச் சட்டத்துல 63வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கு சான்று வேணும், பழைய சட்டத்துல இருந்த 65பி சான்று மாதிரிதான், அதுல ஹாஷ் மதிப்பும் (ஃபைல் மாறலைன்னு காட்டற கைரேகை மாதிரியான எண்) எழுதோணும்.

எல்லாத்துக்கும் ஒரே அடி அடிக்கக் கூடாதுங்க. சாப்பாட்டு நேரத்துல கிரிக்கெட் ஸ்கோர் பாத்தா கூப்ட்டு சொன்னாப் போதும். பர்கூர் மலையில இருந்து மொத பஸ்ஸப் புடிச்சு வந்த பெரியவர் கவுண்டர்ல நிக்கறப்ப வீடியோ பாத்துட்டு இருந்தா அது வேற, சொல்லியும் கேக்கலீன்னா எழுத்துல எச்சரிக்கை, அப்பறம் தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு விதியில சின்ன தண்டனைக்கான 17ஏ. அடுத்தவங்க பட்டா, ஆதார் விவரத்த புரோக்கருக்கு எடுத்துக் குடுத்தா நேரா பெரிய தண்டனைக்கான 17பி போற விஷயம், ஐடி சட்டம் 66ல 3 வருசம் ஜெயிலு, 5 லட்சம் அபராதம் வரைக்கும் இருக்குது. அடுத்தவங்க பாஸ்வேர்டையோ டிஜிட்டல் கையெழுத்தையோ மோசடியா பயன்படுத்துனா அதே சட்டத்துல 66சி பிரிவு. டிஜிட்டல் கையெழுத்து இருக்கற யுஎஸ்பி டோக்கன மிஷின்லயே சொருகி விட்டு பின் நம்பரையும் கிளார்க்குகிட்ட சொல்லி வெக்கற அதிகாரிங்க இத ரெண்டு தடவ படிங்க, அதுல போற கையெழுத்து உங்களுது.

சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) அதுக்கு அதிகாரம் உள்ளவங்கதான் போடோணும், நம்ம வேல அறிக்கை அனுப்பறது. அவுட்சோர்சிங் ஆளுன்னா இந்த விதியே வராது, ஏஜென்சிக்குத்தான் எழுதோணும். ஆபாசப் படத்த பெண் ஊழியர் கண்ணுல படற மாதிரி வெச்சா பாலியல் தொல்லை புகார விசாரிக்கற உள்ளக புகார் குழுவுக்கு போகலாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க. குழந்தைங்க சம்பந்தப்பட்ட படம்னா போட்டோ கூட எடுக்காதீங்க, காப்பி பண்ணாதீங்க, ரூம பூட்டிட்டு போலீஸுக்கு சொல்லுங்க.

அந்தக் காலண்டர் தாள கிழிச்சன்னிக்கே ஆளுக்கொரு லாகின் போட்டு, சீட்ட விட்டு எந்திரிச்சா ஸ்கிரீன் பூட்டற மாதிரி விண்டோஸ் கீயும் L எழுத்தும் சேத்து அமுத்தோணும்னு ஆபீஸ் ஆர்டர் போட்டு எல்லாருகிட்டயும் கையெழுத்து வாங்குனேன். அந்த அம்மணிகிட்ட வாய்ல மன்னிப்பு கேட்டதோட விடலீங்க, மெமோ ரத்துன்னு ஆர்டர் போட்டு பெர்சனல் ஃபைல்ல சேத்துட்டு, காப்பிய செக்‌ஷன்ல ஏழு பேரு முன்னாடி அது கையில குடுத்தேன்.