வரி பாக்கிக்காக ஐஆர்எஸ் சம்பளத்தைப் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கிரெடிட் கார்டு பாக்கிக்காகச் சம்பளத்தில் கை வைக்க வேண்டுமானால், கடன் கொடுத்தவர் முதலில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அப்போதும் சட்டப்படியான பிடித்தங்கள் போக மிஞ்சும் சம்பளத்தில் பொதுவாக 25 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. மத்திய வரி பாக்கிக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது. அமெரிக்க மத்திய வரித்துறையான ஐஆர்எஸ், கோர்ட் படியேறாமலே உங்கள் கம்பெனிக்கு லெவி நோட்டீஸ், அதாவது உங்கள் சம்பளத்தைப் பிடித்துத் தரச் சொல்லும் உத்தரவு, அனுப்பலாம். உங்களுக்கு எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. மிச்சம் முழுவதும் அவர்களுக்கு. "எப்படியும் கால்வாசிதானே போகும்" என்று நினைத்துச் சும்மா இருப்பதுதான் முதல் தவறு.

நம்மவர்களுக்கு இந்த பாக்கி பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணத்தால் வருவதில்லை. வெளிநாடுவாழ் இந்தியர்கள் இந்திய வங்கியில் போடும் என்ஆர்இ வைப்புநிதியின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்க வரிக் கணக்கில் குடியிருப்பவராக இருந்தால் அதையும் காட்டியாக வேண்டும். கம்பெனிப் பங்குகளை விற்ற கணக்கு விட்டுப்போவதும் உண்டு. அதன்பின் வேலை மாறுகிறோம், வீடு மாறுகிறோம், கடிதங்களெல்லாம் பழைய முகவரிக்குப் போகின்றன. ஐஆர்எஸ்ஸுக்குக் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பினாலே அந்த நோட்டீஸ் சட்டப்படி செல்லுபடியாகும். கைக்கு வரவில்லை என்பது பதிலாகாது. வீடு மாறினால் முகவரி மாற்றத்துக்கான ஃபார்ம் 8822 அனுப்பிவிடுங்கள்.

முதல் பில் பொதுவாக சிபி14. பின்னால் வருபவற்றில் எல்டி11 அல்லது லெட்டர் 1058 என்று போட்ட கடிதம்தான் முக்கியமானது; லெவிக்கு முந்தைய கடைசி எச்சரிக்கை அதுதான். அதிலுள்ள தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் ஃபார்ம் 12153 மூலம் விசாரணை கேட்டால், விசாரணை முடியும்வரை பொதுவாக லெவி நிற்கும். முடிவு பிடிக்காவிட்டால் வரி நீதிமன்றத்துக்கும் போகலாம். 30 நாள் தாண்டினாலும் ஓராண்டுக்குள் வேறொரு வகை விசாரணை கேட்க முடியும். ஆனால் அதற்கு லெவியைத் தானாக நிறுத்தும் பலமும் இல்லை, அதன் முடிவை எதிர்த்து வரி நீதிமன்றம் போகும் வழியும் இல்லை.

அந்தக் கட்டமும் தாண்டி லெவி வந்துவிட்டது என்று வையுங்கள். ஃபார்ம் 668-டபிள்யூ என்ற லெவி நோட்டீஸ் உங்கள் கம்பெனியில் சம்பளம் போடும் பேரோல் பிரிவுக்குப் போகும். அவர்கள் அதன் சில பக்கங்களை உங்களிடம் தருவார்கள். திருமண நிலையையும் உங்களைச் சார்ந்திருப்பவர்களின் விவரத்தையும் எழுதி, கையெழுத்திட்டு மூன்று நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். வெட்கத்திலோ கோபத்திலோ பலர் இந்தத் தாளை மேஜைக்குள் போட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட விலை கூடிய தவறு இல்லை. தாள் வராவிட்டால், தனியாக வரி தாக்கல் செய்யும், யாரும் சார்ந்திராத மணமானவர் என்றே உங்களைக் கணக்கிடுவார்கள். 2024 கணக்கில் அப்படிப்பட்டவருக்கு மிஞ்சுவது இரண்டு வாரத்துக்குச் சுமார் 560 டாலர். அதே ஆள் துணைவருடன் சேர்ந்து தாக்கல் செய்பவராகவும் இரண்டு பிள்ளைகள் உள்ளவராகவும் இருந்தால் சுமார் 1,500 டாலர் மிஞ்சும். வீட்டு வாடகை கட்ட முடியுமா முடியாதா என்பதே இதில்தான் இருக்கிறது. வங்கிக் கணக்கு லெவி போல ஒருமுறை எடுத்துவிட்டுப் போவதும் அல்ல இது. விலக்கும்வரை ஒவ்வொரு சம்பளத்திலும் தொடரும்.

ஹெச்ஆரிடம் போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை. லெவியை மதிக்காத கம்பெனி அந்தத் தொகையைத் தானே கட்ட நேரிடும். அதனால் உங்களுக்காக அவர்கள் நிறுத்தமாட்டார்கள். நோட்டீஸில் உள்ள எண்ணில் ஐஆர்எஸ்ஸையே கூப்பிடுங்கள். வாடகை, மளிகை, மருந்து, காப்பீடு செலவுகளுக்கான தாள்கள் கையில் இருக்கட்டும். அடிப்படை வாழ்க்கைச் செலவுக்கே பணம் போதவில்லை என்று காட்டினால் லெவியை அவர்கள் விலக்கியாக வேண்டும், சட்டமே அப்படித்தான். பேரோல் பிரிவின் ஃபேக்ஸ் எண்ணையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். விலக்கு உத்தரவை ஃபேக்ஸில் அனுப்பச் சொன்னால் ஒரு சம்பளமாவது தப்பும்.

தவணைத் திட்டம் கேட்கும் முன் விட்டுப்போன ஆண்டுகளின் வரிக் கணக்கை (ரிட்டர்ன்) எல்லாம் தாக்கல் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் திட்டம் கிடைக்காது. நீங்கள் தாக்கல் செய்யாத ஆண்டுக்கு ஐஆர்எஸ்ஸே ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். அதில் உங்களுக்குச் சேர வேண்டிய பல கழிவுகள் இருக்காது. சரியான ரிட்டர்ன் போட்டதும் பாக்கியே குறைய வாய்ப்புண்டு. வட்டியும் அபராதமும் சேர்த்து 50,000 டாலருக்குள் என்றால் தவணைத் திட்டத்துக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

"டாலருக்குச் சில சென்ட் கட்டினால் போதும், கடன் தீர்ந்தது" என்று விளம்பரம் செய்பவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். வருமானம் குறைவாக இருந்தால் குறைந்த வருமான வரிசெலுத்துவோர் கிளினிக்குகள் இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ உதவும். ஐஆர்எஸ்ஸுக்குள்ளேயே தனித்து இயங்கும் டேக்ஸ்பேயர் அட்வகேட் சர்வீஸுக்குக் கட்டணமே இல்லை.

அப்புறம், கையில் பணம் கூடட்டும் என்று கம்பெனிக்குத் தரும் டபிள்யூ-4 படிவத்தை மாற்றிச் சம்பளத்தில் வரிப் பிடித்தத்தைக் குறைப்பதும் தவறு. அடுத்த ஏப்ரலில் புதிய பாக்கி விழுந்தால், கஷ்டப்பட்டு வாங்கிய தவணைத் திட்டமே ரத்தாகலாம். மாநில வரி பாக்கி இருந்தால் அது வேறு அலுவலகம், வேறு விதி. ஐஆர்எஸ்ஸோடு பேசி முடித்துவிட்டோம் என்று அந்தக் கடிதங்களை ஒதுக்கி வைக்காதீர்கள்.