பழைய ஃபைபர் படகின் இன்ஜின் நின்றுபோனால் எங்கிருந்து தேடுவது?

கடலூர் முதுநகரிலோ தேவனாம்பட்டினத்திலோ ஏற்கெனவே ஓடிய ஃபைபர் படகை வெளிப்பொருத்து இன்ஜினோடு (படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் இன்ஜின்) வாங்குபவர்கள், இன்ஜின் முதன்முறை மக்கர் செய்தவுடன், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழற்ற முனைகிறார்கள். இது தவறான தொடக்கம். கார்புரேட்டர் திருகுகளை ஒருமுறை மாற்றிவிட்டால், முதலில் இருந்த பழுதோடு நாமே உண்டாக்கிய இன்னொரு பழுதும் சேர்ந்துகொள்ளும். பிறகு எது எதனால் என்று பிரித்தறிவது கடினம். கலைக்காமல் பார்க்கக்கூடியவற்றை எல்லாம் முதலில் பார்த்து முடிக்க வேண்டும். கீழே சொல்பவை பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்குரியவை.

சோதனையை உப்பனாற்றின் அமைதியான நீரில், படகைக் கரையில் கட்டிவைத்தே செய்யுங்கள். கெடிலமும் உப்பனாறும் கடலைச் சேரும் முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில் இன்ஜின் நின்றால் படகு குறுக்கே திரும்பிக் கவிழக்கூடும். ஆகவே, பழைய இன்ஜின் அரைமணி நேரமாவது உள்ளாற்றில் தடையின்றி ஓடிக் காட்டும்வரை முகத்துவாரத்தைத் தாண்டக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இன்ஜின் கிளம்பவே மறுத்தால், அவசரமாக நிறுத்துவதற்கான சிவப்புக் கயிற்றின் கிளிப் அதன் இடத்தில் சரியாக மாட்டியிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து எரிபொருள் டாங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, குழாயின் நடுவே உள்ள ரப்பர் பம்பை, அதன் அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து அமுக்குங்கள். பழுதைக் கண்டுபிடிப்பதற்கு இந்த ரப்பர் பம்பைவிட நல்ல கருவி படகில் வேறில்லை. சில அமுக்கல்களில் அது கெட்டியாகி அப்படியே நின்றால் அதுவரையுள்ள குழாயில் குறையில்லை எனலாம். எத்தனை முறை அமுக்கியும் கெட்டியாகாவிட்டால் டாங்க் காலியாக இருக்கலாம், குழாயில் எங்கோ காற்றுப் புகலாம், அல்லது பம்பின் வால்வே போயிருக்கலாம். ஓடும்போது பம்பு சப்பையாக ஒட்டிக்கொண்டால் டாங்கின் காற்றுவழியோ உறிஞ்சு குழாயின் வடிகட்டியோ அடைபட்டிருக்கிறது. நிற்கப்போகும் இன்ஜின், பம்பை விடாமல் அமுக்கினால் மட்டும் தொடர்ந்து ஓடுகிறது என்றால், இன்ஜினிலுள்ள எரிபொருள் பம்பின் சவ்வைச் சந்தேகிக்க வேண்டும்.

நெடுநாள் கிடந்த படகின் பெட்ரோலை நம்ப வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் கடற்காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சிறிது பிடித்து வைத்தால் தண்ணீர் அடியில் தனியே தேங்குவது தெரியும். பல இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், அதாவது 50-க்கு 1, கலக்கப்படுகிறது. ஆயினும் உங்கள் இன்ஜினின் கையேடு சொல்லும் அளவே இறுதியானது. மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜினை நிறுத்துவதற்குச் சற்று முன்பு பெட்ரோலுக்கு மாற்றிவிடாவிட்டால், மறுநாள் குளிர்ந்த நிலையில் கிளம்ப அடம்பிடிக்கும்.

பிறகு, எரிபொருளைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். பிளக் காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி இல்லை, அல்லது சோக்கை அதிகமாக இழுத்து எரிபொருள் நிரம்பிவிட்டது. ஒரு சிலிண்டரின் பிளக்கில் மட்டும் நீர்த்துளிகள் தெரிந்தால் சிலிண்டர் மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஓடத் தொடங்கியபின் இன்ஜினிலிருந்து பீய்ச்சும் குளிர்வு நீரிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். உப்பும் சேறும் சேர்ந்த நீரில் ஓடிய பழைய இன்ஜின்கள் பல இங்கேதான் உயிரை விடுகின்றன. நீர் மெலிந்தால் உடனே நிறுத்தி, நீர் பீய்ச்சும் துளையை மெல்லிய கம்பியால் குத்தி, கீழே நீர் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால், குளிர்வு நீரை மேலே தள்ளும் சுழல் சக்கரமான ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். பழைய இன்ஜின் வாங்கியவுடன், முந்தைய உரிமையாளர் என்ன சொன்னாலும், இம்பெல்லரைப் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. இன்ஜினின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு. தண்ணீருக்கு வெளியே இன்ஜினைச் சோதனைக்காக ஓட்டினால் புதிய இம்பெல்லரும் விரைவில் கருகிவிடும். ஒவ்வொரு முறை கடலிலிருந்து திரும்பியதும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் பத்து நிமிடம் ஓட விட்டால் உள்ளே உப்பு படியாது.

கியர் ஆயிலைக் கீழ்த் திருகின் வழியே சிறிது வடித்துப் பாருங்கள். பால் நிறத்தில் இருந்தால் சீல் கசிந்து தண்ணீர் புகுந்துள்ளது. இவை எல்லாம் சரியாக இருந்தும் இன்ஜின் வலுவின்றி ஓடினால், மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளக்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கிடையே பெரிய வேறுபாடு தெரிந்தால், ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்த அந்த இன்ஜினுக்குச் சில்லறைப் பாகங்கள் வாங்கிப் போடுவது வீண்.

முகத்துவாரம் தாண்டும் நாளில் மாற்றுப் பிளக், பிளக் ஸ்பானர், ஸ்டார்ட்டர் கயிறு, துடுப்பு, நங்கூரம், உயிர்காப்பு உடை ஆகியவை படகில் இருக்கட்டும். கடலோரக் காவல் படையின் உதவி எண் 1554.