கார் ஸ்பீக்கரை நாமே மாற்றலாம், முதலில் கதவைத் தட்டிப் பாருங்கள்

எண்ணூர் விரைவு சாலையில் தினமும் போய்வருகிறவர்களுக்கு இது தெரியும். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒன்று, கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் இரைச்சல் உள்ளே வரும், நாம் பாட்டின் சத்தத்தைக் கூட்டுவோம், காரோடு வந்த ஸ்பீக்கர் கரகரவென்று இழுக்க ஆரம்பிக்கும். கானா கேட்டால் டோலக் அடியே காணாமல் போய்விடும். நானும் நேராகக் கடைக்குப் போய் விலை கூடிய ஸ்பீக்கர் வாங்கத்தான் இருந்தேன். தண்டையார்பேட்டை நண்பன் ஒருவன் கதவின் வெளித் தகட்டைத் தட்டிக் காட்டி, "டின்னு மாதிரி கேக்குது பாரு மச்சான், இதுல எந்த ஸ்பீக்கர் போட்டாலும் இப்படித்தான் பாடும்" என்றான். அவன் சொன்னது சரி. ஸ்பீக்கருக்குப் பெட்டி மாதிரி இருப்பது அந்தக் கதவுதான், அதனால் வேலையில் பாதி கதவுக்குப் போக வேண்டும்.

வாங்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம். பல கார்களில் முன் கதவில் ஆறரை இஞ்ச், சிலவற்றில் அதைவிடச் சின்னது. உங்கள் மாடலுக்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியில் 300 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பது ஒரு கணம் தாங்கும் உச்ச அளவு. பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் ஆர்எம்எஸ் எண்தான் தொடர்ந்து தாங்குவது. காரோடு வந்த ஸ்டீரியோ ஒரு சேனலுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 வாட்ஸ் ஆர்எம்எஸ்தான் கொடுக்கும், சத்தத்தைக் கூட்டும் தனி ஆம்ப்ளிஃபையர் போடாதவரை 100 வாட்ஸ் தாங்கும் ஸ்பீக்கரால் பெரிய லாபம் இல்லை. அதைவிட சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள், அதாவது ஒரே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை, 90 டெசிபலோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. அதில் 3 டெசிபல் கூடினால் இரண்டு மடங்கு வாட்ஸ் கொடுத்ததற்குச் சமம். அப்புறம், ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம் இருக்கட்டும். 2 ஓம் வாங்கிச் சாதாரண ஸ்டீரியோவில் மாட்டினால் அது சூடாகும். முதல் தடவை செய்பவர்கள் நடுவிலேயே ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) வைத்த கோஆக்சியல் வாங்குங்கள், தனித்தனியாக வரும் காம்போனென்ட் செட் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கூடவே உங்கள் காருக்கான கப்ளர் ஒயர் (வெட்டாமல் செருகி மாட்டும் இணைப்பு), ஸ்பீக்கரைக் கதவில் பொருத்தும் பிளாஸ்டிக் ரிங், தகடு அதிராமல் தடுக்கும், ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய டேம்பிங் ஷீட், ஃபோம் டேப், டோர் பேட் (கதவின் உள்பக்க மூடி) கிளிப் ஒரு பத்து. கிளிப் கட்டாயம் உடையும். ரிங்கை பிளைவுட்டில் வெட்டித் தருகிறேன் என்பார்கள், வேண்டாம், கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்கும், மரம் ஊதிவிடும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்திலோ எல்ஐசியிலோ இறங்கினால் போதும்.

சரி, வேலை. முதலில் கண்ணாடியை முழுக்க இறக்கிவிடுங்கள். பிறகு பேட்டரியின் மைனஸ் முனையை 10 எம்எம் ஸ்பேனரால் கழற்றிவிட்டு, ஐந்து நிமிடம் விடுங்கள். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்கின் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும், அதனால் கதவின் கப்ளர்கள் கழன்று கிடக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது.

கண்ணாடியை முன்பே இறக்கச் சொன்னது, முழுக்க இறங்கிய நிலையில் அது ஸ்பீக்கர் காந்தத்தில் இடிக்குமா என்பதை அளக்கத்தான். கைப்பிடிக் குழிக்குள்ளும் ஹேண்டிலுக்குப் பின்னாலும் ஸ்க்ரூக்கள் மூடி போட்டு ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகு கீழ் மூலையிலிருந்து பேடை இழுங்கள், பிளாஸ்டிக் நெம்புகோலால். இரும்பு ஸ்க்ரூடிரைவர் பெயின்ட்டைச் சுரண்டிவிடும், காசிமேட்டு உப்புக்காற்றில் அந்தக் கீறலிலிருந்து துரு எப்படிப் பரவும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேட் கையோடு வந்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள், பவர் விண்டோ கப்ளரும் லாக் கேபிளும் பின்னால் மாட்டியிருக்கும்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் கருப்புப் பசையில் ஒட்டியிருக்கும். முதல் தடவை நான் அதை வேண்டாத குப்பை என்று நினைத்துக் கிழித்து எறிந்தேன். டிசம்பர் மழையில் கால்மிதி ஊறி, காருக்குள் ஒரு வாரம் நாற்றம். கதவுக்குள் இறங்கும் தண்ணீர் சீட் பக்கம் வராமல் தடுப்பதே அந்த ஷீட்தான். பசையை மெதுவாக இழுத்துப் பிரித்து, அப்படியே திரும்ப ஒட்டுங்கள்.

இப்போது முக்கியமான இடம். ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்பக்கக் காற்றைத் தள்ளும்போது பின்பக்கக் காற்றை இழுக்கிறது, ஆக பின்பக்கத்துச் சத்தம் முன்பக்கத்துக்கு நேர் எதிர். கதவின் ஓட்டைகள் வழியாக அது சுற்றி வந்து முன்சத்தத்தோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும், முதலில் போவது பேஸ். அதற்கு முன், தகடு டின் மாதிரி அதிராமல் இருக்க வெளித் தகட்டின் உள்பக்கத்தை, குறிப்பாக ஸ்பீக்கருக்கு நேர் பின்னால், ஸ்பிரிட் போட்டுத் துடைத்து டேம்பிங் ஷீட்டை ஒட்டி ஸ்பூனின் பின்புறத்தால் நன்றாகத் தேயுங்கள். முழுக் கதவையும் மூட வேண்டியதில்லை, ஆனால் கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் மறைக்கவே கூடாது. பின்சத்தம் சுற்றி வராமல் இருக்க ரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் டேப் சுற்றி ஒட்டுங்கள், இடைவெளி துளியும் இருக்கக் கூடாது.

பழைய ஸ்பீக்கர் சில கார்களில் ரிவெட் அடித்து இருக்கும், தலையை ட்ரில்லால் எடுத்துவிட்டு ஸ்க்ரூ போடலாம். ஒயரை வெட்டாதீர்கள், கப்ளர் இருக்கிறதே. பிளஸ், மைனஸ் குழப்பமா? ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு நொடி தொடுங்கள், கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரு கதவில் மட்டும் மாற்றி மாட்டிவிட்டால் இரண்டு கதவு ஸ்பீக்கரும் எதிர் எதிராக அடித்து, இருக்கிற பேஸும் போய்விடும்.

பேடை மூடும் முன் கப்ளர்களையெல்லாம் மாட்டி, பேட்டரியை இணைத்துப் பாட்டு போடுங்கள். பேலன்ஸை அந்தப் பக்கம் தள்ளிக் கேட்டு, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளிப் அடிக்க வேண்டும். ஸ்டீரியோவில் முன்பு கூட்டி வைத்த பேஸ், ட்ரெபிள் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். எங்காவது கிர்ரென்று அதிர்ந்தால் கதவுப் பையில் கிடக்கும் சில்லறையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் பாருங்கள். முதல் கதவுக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆனது, இரண்டாவது கதவு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.