பழைய காரில் இறுகிப்போன கேலிபர் பின்களை விடுவித்தல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டப் பாதைகளில் 1990களின் புரோட்டோன் வீரா கார்களும் அவற்றுக்கு மூத்த சாகாக்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் கிளப்பும் செம்மண் தூசியும், மாலை மழையில் அது குழைந்து உண்டாகும் சேறும் சக்கரங்களின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்து, நாளடைவில் பிரேக் கேலிபர், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இருபுறமும் பேட்டுகளால் அழுத்திப் பிடிக்கும் கருவி, பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின்களைத் துருவால் பிடித்து நிறுத்திவிடுகின்றன. என் மாமாவின் வீராவில் பிரேக் பேட் மாற்றி எட்டு மாதம்கூட ஆகாத நிலையில் முன்சக்கரத்தில் இரும்பு உரசும் ஓசை கேட்டது. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தபோது பேட் பாதிக்குமேல் மீதமிருந்தது. சக்கரத்தைக் கழற்றிய பிறகே, உட்பக்கத்துப் பேட் தகடு தெரியுமளவு தேய்ந்து டிஸ்கைச் சுரண்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. பேட்டை மாற்றிய பட்டறையில் பின்களை எவரும் வெளியே எடுத்துப் பார்த்திருக்கவில்லை.

இவ்வகைக் கேலிபரில் பிஸ்டன் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. மிதியை அழுத்தும்போது பிஸ்டன் உட்பக்கத்துப் பேட்டை டிஸ்கின்மேல் தள்ளுகிறது; அதன் எதிர்விசையால் கேலிபரின் உடல் முழுவதும் இரண்டு பின்களின்மேல் நகர்ந்து, வெளிப்பக்கத்துப் பேட்டையும் இழுத்துவந்து டிஸ்கில் அழுத்துகிறது. பின்கள் இறுகிவிட்டால் வேலை பெரும்பாலும் உட்பக்கத்துப் பேட்டின் தலையில் விழுகிறது. ஒரு பின் மட்டும் இறுகினால் பேட் ஒரு முனையில் அதிகமாகவும் மறுமுனையில் குறைவாகவும் ஆப்புப் போலத் தேயும். பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுப்பதும், ஒரு சக்கரம் மட்டும் மிகையாகச் சுடுவதும் மற்ற அறிகுறிகள். ஆனால் பிஸ்டனே இறுகியிருந்தாலும், பிரேக் குழாய் உள்ளே அடைத்திருந்தாலும் சக்கரம் சூடேறும். ஆகவே கழற்றிப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

வண்டியைச் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கினால் தூக்கிய பிறகு கட்டாயமாக ஜாக் ஸ்டாண்டின்மேல் இறக்குங்கள். வீட்டு வாசலின் செம்மண் தரையில் இவ்வேலை வேண்டாம். பேட் தூசியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ அகற்றாமல், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

பெரும்பாலான ஜப்பானிய வழி வந்த கார்களில் கேலிபர் போல்ட்டுகளுக்கு 12 அல்லது 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். கேலிபரைக் கழற்றியதும் அதைக் குழாயில் தொங்கவிடாமல் சுருள்வில்லில் கம்பியால் கட்டி நிறுத்துங்கள். இனி பின்களைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். நல்ல பின் விரலுக்கு இணங்கி நகரும். அசையாத பின்னை முதலிலேயே வெளியே இழுக்க முயல்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. துருவின் பிடியை உடைப்பது இழுப்பு அன்று, திருப்பு. ஆகவே ரப்பர் உறையை ஓரமாக நகர்த்தி, துருநீக்கி எண்ணெயை ஊற்றி அரைமணி நேரம் ஊறவிட்டு, பின்னின் தலையை ஸ்பேனரால் இடமும் வலமுமாகச் சிறுசிறு அளவில் திருப்புங்கள். அது சுழலத் தொடங்கிய பிறகு, சுழற்றிக்கொண்டே வெளியே வாங்குங்கள்.

அப்படியும் அசையவில்லையெனில், பின்கள் செருகியிருக்கும் துளைகளைக் கொண்ட தாங்கியையே இரு போல்ட்டுகளை நீக்கி வண்டியிலிருந்து எடுத்து, வைஸில் இறுக்கி, ரப்பர் உறைகளைக் கழற்றிவிட்டு, பின் இருக்கும் புறச்சுவரை நெருப்பால் சூடாக்கலாம். கிளீனர் தெளித்த இடம் முற்றிலும் காயாமல் நெருப்பை அருகே கொண்டுபோகவே கூடாது: அது தீப்பற்றலாம், குளோரின் கலந்த வகையாயின் நச்சுவாயுவும் உண்டாகும். துளைச் சுவர் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் தாங்கியை மாற்றுவதே சரி; பழைய உதிரிபாகக் கடைகளில் அது கிடைக்கும்.

வெளிவந்த பின்னை நுண்ணிய மணல்தாளால் பளபளக்கும்வரை தேய்க்கலாம். ஆனால் அதன் கனம் குறையும்படி அரைக்கக் கூடாது. துளையைக் குறுகிய பிரஷ்ஷால் சுரண்டி, கிளீனரால் கழுவி, துருநீக்கி எண்ணெயின் சுவடுகூட மிஞ்சாமல் துடைத்தெடுங்கள். இந்தக் கடைசிச் சொல்லை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கிரீஸ்தான்.

கடைகளில் டப்பாவில் விற்கும் சாதாரண கிரீஸை இங்கே பூசினால் அந்த வேலை வீண். பின்னின் உறைகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரால் ஆனவை. அது பிரேக் திரவத்தைத் தாங்கும், கனிம எண்ணெயைத் தாங்காது. எண்ணெயை உறிஞ்சி உப்பி, உறை வாய் தளர்ந்து, நீரும் மண்ணும் நுழைய வழிவிடும். சில கேலிபர்களில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். அது உப்பினால், துருவே இல்லாத பின்னும் துளைக்குள் இறுகிவிடும். பிரேக்கிற்கென்றே விற்கப்படும் சிலிகோன் கிரீஸைத் தேர்ந்தெடுங்கள். அதையும் மெல்லிய படலமாகவே பூச வேண்டும். துளையின் அடி மூடியிருப்பதால், மிகுந்த கிரீஸும் அடைபட்ட காற்றும் பின்னை வெளியே தள்ளும். பின்னை முழுதாக உள்ளே செருகும்போது உறையின் விளிம்பை விரலால் சற்றே தூக்கிக் காற்றை வெளியேற்றுங்கள்.

கிழிந்த உறைகளை மீண்டும் மாட்டாதீர்கள். சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) உறைத்தொகுதி கிடைக்கும். மேலும் கீழுமான இரண்டு பின்களும் ஒன்றுபோல இருக்காது. மிட்சுபிஷி வழி வந்த கேலிபர்களில் அவற்றின் தலையில் ‘ஜி’, ‘எல்’ என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அதே எழுத்துகள் கேலிபரின் உடலிலும் இருக்கும். இடம் மாற்றிச் செருகினால் பேட் சீராக அமராது. பேட்டைப் பிடித்திருக்கும் வில் தகடுகளையும் பேட் அமரும் இடங்களையும் சுத்தம் செய்து, 2 மில்லிமீட்டருக்குக் கீழ்த் தேய்ந்த பேட்டுகளை மாற்றி, பிஸ்டனைத் திரவத் தொட்டி வழியாமல் மெதுவாக உள்ளே அழுத்தியபிறகு கேலிபரை மாட்டுங்கள். சிந்திய பிரேக் திரவம் பெயிண்டை அரித்துவிடும் என்பதால் உடனே நீரூற்றிக் கழுவிவிடுங்கள். போல்ட்டுகளை வண்டியின் சேவைக் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சினால் இறுக்குங்கள்.

எஞ்சினை இயக்கும் முன் பிரேக் மிதியைப் பலமுறை அழுத்தி, அது கடினமாகும்வரை காத்திருங்கள். இல்லையெனில் முதல் அழுத்தத்தில் பிரேக் இருக்காது. ஆள் நடமாட்டமில்லாத பாதையில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, சில கிலோமீட்டர் சென்றபின் இரு முன்சக்கரங்களின் வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மற்றதைவிட வெகுவாகச் சூடாக இருந்தால், அந்தப் பக்கத்தை மீண்டும் திறந்தே ஆக வேண்டும். கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியாக இறங்கும் பயணம் இருந்தால், இந்த ஒப்பீட்டை முடிக்காமல் புறப்படாதீர்கள். இடதுபக்கத்துப் பின் இறுகிய காரில், வலதுபக்கத்தையும் அன்றே கழற்றிப் பாருங்கள்.