ஸ்கிரீன் சேவர் ஓடினால் கம்ப்யூட்டர் பத்திரமா?

திருவல்லிக்கேணியில் ஒரு ஜெராக்ஸ் கடை. பிரிண்ட் எடுக்க வரிசையில் நின்றிருந்தேன். கடைத் தம்பி உள்ளே டோனர் மாற்றிக்கொண்டிருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில், வாடிக்கையாளர் பக்கம் பார்த்தபடி ஒரு மானிட்டர். கொஞ்ச நேரம் யாரும் மவுஸைத் தொடாததால் அதில் ஸ்கிரீன் சேவர் ஓட ஆரம்பித்தது. முதலில் ஒரு கல்யாணப் படம். அடுத்து ஒரு குழந்தையின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதற்கடுத்து யாரோ ஒரு அம்மாவின் ஆதார் அட்டை: முகம், பிறந்த தேதி, 12 இலக்கம், எல்லாம் திரை முழுக்கப் பளிச்சென்று. எனக்குப் பின்னால் நின்றவர் அந்தப் பெயரை வாய்விட்டே படித்தார்.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பதறிப்போனார். "அழகுக்குத்தானே சார் போட்டேன்" என்றார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. விண்டோஸில் 'போட்டோஸ்' என்ற ஸ்கிரீன் சேவரைத் தேர்ந்தெடுத்தால், நாம் வேறு இடம் காட்டாதவரை அது பிக்சர்ஸ் ஃபோல்டரில் இருக்கும் படங்களைத்தான் எடுத்து ஓட்டும். விண்டோஸின் ஸ்கேன் செயலியோ ஸ்கேன் செய்ததையும் அதே பிக்சர்ஸுக்குள்தான் கொண்டுபோய்ப் போடும். இரண்டும் சேர்ந்தால் கடைக்கு வந்தவர்களின் ஆவணமெல்லாம் கண்காட்சிதான். வீட்டிலும் இது நடக்கும், பான் கார்டும் பாஸ்புக்கும் அங்கேதான் கிடக்கின்றன. படம் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் தனியாக ஒரு ஃபோல்டர் திறந்து, பத்துப் படங்களைப் போட்டு, செட்டிங்ஸில் அதை மட்டும் காட்டுங்கள்.

இரண்டாவது தவறு, ஸ்கிரீன் சேவர், அதாவது திரையைக் காப்பாற்றுவது, என்ற பெயரை அப்படியே நம்புவது. ஸ்கிரீன் சேவர் உண்மையிலேயே திரையைக் காப்பாற்றிய காலம் ஒன்று இருந்தது. பழைய டப்பா மானிட்டர்களில் கண்ணாடிக்கு உட்புறம் பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு இருக்கும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் நாள் கணக்கில் எரிந்தால் அந்த இடத்துப் பூச்சு தேய்ந்து, மானிட்டரை அணைத்தாலும் எழுத்தின் தடம் தெரியும். இதைத் தடுக்கத்தான் 1983-ல் ஜான் சோச்சா என்பவர் ஐ.பி.எம். பி.சி.க்காக ஒரு குட்டி புரோகிராம் எழுதினார். மூன்று நிமிடம் கீபோர்டைத் தொடாவிட்டால் திரையைக் கறுப்பாக்கிவிடும், அவ்வளவுதான். பறக்கும் டோஸ்டர், வளரும் பைப் என்று திரையில் ஓடும் படமெல்லாம் அப்புறம் வந்த அலங்காரம்.

இன்று ரிச்சி தெருவில் நீங்கள் வாங்கும் சாதாரண எல்.சி.டி. அல்லது எல்.இ.டி. மானிட்டரில் அந்த பாஸ்பர் பூச்சே கிடையாது. பின்னால் ஒரு விளக்கு எரிகிறது, முன்னால் உள்ள படிகங்கள் வெளிச்சத்தை விடுகின்றன அல்லது மறைக்கின்றன. ஸ்கிரீன் சேவர் ஓடும்போதும், கறுப்புத் திரை காட்டும்போதும்கூட, பல மானிட்டர்களில் அந்த விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். எனவே கரண்ட் மிச்சமாகும் என்று நினைப்பதும் தப்புக் கணக்கு. 24 இன்ச் மானிட்டர் சுமார் 20 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். கடையை இரவு 9 மணிக்குப் பூட்டிவிட்டுக் காலை 9 மணிக்குத் திறந்தால், இரண்டு மாத ஈ.பி. பில்லில் ஆள் இல்லாத நேரத்துக்கு மட்டும் 14 யூனிட்டுக்கு மேல் போகும். கீழே இருக்கும் சி.பி.யூ.வின் கணக்கு தனி. முப்பரிமாணப் படம் சுழலும் ஸ்கிரீன் சேவர் என்றால் அது இன்னும் கூடும். பவர் செட்டிங்ஸில் பத்து நிமிடத்தில் திரை தானாக அணையும்படி வைப்பதுதான் சரி.

ஓ.எல்.இ.டி. திரை உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பழைய கவலை திரும்ப வந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தானே தேய்கிறது. அங்கேயும் நடுவில் அசையாமல் நிற்கும் கடிகாரம் வேண்டாம். கறுப்புத் திரையோ அணைந்த திரையோ போதும்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஸ்கிரீன் சேவர் ஓடினால் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது என்று அலுவலகங்களில் நிறையப் பேர் நம்புகிறார்கள். டீ குடிக்கப் போகும்போது குமிழி மிதக்கிறது, அதனால் நிம்மதி. ஆனால் யாராவது வந்து மவுஸை ஒரு இஞ்ச் நகர்த்தினால் திறந்த மெயில் திறந்தபடியே நிற்கும். ஸ்டார்ட்டில் ஸ்கிரீன் சேவர் என்று தேடி அந்தச் சின்னப் பெட்டியைத் திறங்கள். 'ஆன் ரெஸ்யூம், டிஸ்ப்ளே லாகான் ஸ்கிரீன்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட வேண்டும். பக்கத்திலேயே 'வெயிட்' என்ற இடத்தில் 3 அல்லது 5 நிமிடம் வையுங்கள். 30 நிமிடம் வைத்தால் பூட்டு விழுவதற்குள் நீங்கள் சாப்பிட்டுவிட்டே திரும்பியிருப்பீர்கள். கணக்குக்குப் பாஸ்வேர்டோ பின் நம்பரோ வைக்காவிட்டால் அந்த டிக்கால் பயன் இல்லை. கடைகளில் பெரும்பாலும் அதுதான் நிலைமை. நாற்காலியை விட்டு எழும்போதே விண்டோஸ் பட்டனோடு எல் எழுத்தைத் தட்டிப் பழகிவிட்டால் நிமிடக் கணக்கே தேவையில்லை.

அப்புறம் இலவச ஸ்கிரீன் சேவர். பண்டிகை வந்தால் முருகன், பிள்ளையார், அருவி என்று தேடி இறக்குபவர்கள் உண்டு. எஸ்.சி.ஆர். என்று முடியும் கோப்பு படம் இல்லை, முழு புரோகிராம். இரட்டைக் கிளிக் செய்தால் ஓடும், உள்ளே வைரஸ் இருந்தால் அதுவும் சேர்ந்தே ஓடும். கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடுவதால், 'போட்டோ.ஜேபிஜி' என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் 'போட்டோ.ஜேபிஜி.எஸ்சிஆர்' ஆக இருக்கலாம். மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அப்படி வந்தால் தெரிந்தவர் அனுப்பியதாக இருந்தாலும் திறக்காதீர்கள். விண்டோஸோடு வருகிற, திரையை வெறும் கறுப்பாக்கும் 'பிளாங்க்' போதும்.

ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும் அதைத்தான் வைத்துக்கொடுத்தேன்: பிளாங்க், 3 நிமிடம், டிக், ஒரு பின் நம்பர். மாற்றிய பிறகு இருவரும் கையைக் கட்டிக்கொண்டு மூன்று நிமிடம் காத்திருந்தோம். திரை கறுத்தது. அவர் மவுஸைத் தொட்டார், பின் நம்பர் கேட்டது. பிறகு பிக்சர்ஸைத் திறந்து, கிடந்த ஆதார் ஸ்கேன்களை ஒவ்வொன்றாக அழிக்க உட்கார்ந்தார்.